ரோசாப்பூ துரை

வையை ஆறு வருசநாட்டு மலையில் பிறக்கிறது. ஓடை ஓடையாகச் சேர்ந்து, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு என்று ஊர் ஊராக வடக்கே இறங்குகிறது. பிறகு கிழக்கே திரும்பி மதுரைக்குப் போகிறது. ஆற்றோடு கூடவே நாமும் போனால், மதுரை நகரத்துக்குள் யானைக்கல் என்ற இடம் வரும். எந்நேரமும் வண்டியும் ஜனக்கூட்டமுமாக இருக்கும் இடம். அங்கே ஒருவருக்குச் சிலை இருக்கிறது.

அந்தச் சிலைக்குப் பிறமலைக் கள்ளர் சமூகத்தார் வந்து மாலை போடுவது வழக்கம். ஆனால் அவர் கள்ளர் குலத்தில் பிறந்தவர் அல்ல. மதுரைக்காரரும் அல்ல. அவருடைய தாய்மொழி தமிழும் அல்ல. அவர் மலையாள நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவர். சீமைக்குப் போய்ச் சட்டம் படித்த பாரிஸ்டர்.

பெயர் ஜார்ஜ் ஜோசப். உசிலம்பட்டிச் சீமையிலும், ஆண்டிபட்டிக் கணவாய்க்கு மேற்கே கம்பம் பள்ளத்தாக்கிலும் பெரியவர்கள் அவரை அந்தப் பெயரால் சொன்னதில்லை. அவர்களுக்கு அவர் ரோசாப்பூ துரை.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. சட்டையில் எப்போதும் ஒரு ரோஜாப்பூ செருகியிருப்பார், அதனால் வந்தது என்பார்கள் சிலர். ஜோசப் என்ற பெயர் கிராமத்து வாயில் நுழையாமல் ரோசாப்பு ஆகி, ரோசாப்பூ ஆகிவிட்டது என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது கதையே பொருத்தமாகத் தெரிகிறது. எதுவானாலும், கள்ளர் வீடுகளில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்றே பெயர் வைக்கும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வாதாட வந்த ஒரு வக்கீலின் பெயரை யார் தம் பிள்ளைக்கு வைப்பார்கள்? அப்படி அவர் என்ன செய்துவிட்டார்?

செங்கன்னூரிலிருந்து சீமைக்கு

திருவிதாங்கூர் ராஜ்யத்தில் செங்கன்னூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1887ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி ஜார்ஜ் ஜோசப் பிறந்தார். இந்தியப் பத்திரிகை உலகத்தில் பின்னாளில் பெரும் புகழ் பெற்ற போத்தன் ஜோசப் இவருடைய தம்பி.

மலையாள நாட்டுச் சிரியன் கிறிஸ்தவர்கள் பழைய காலத்துக் கிறிஸ்தவர்கள். வெள்ளைக்காரர் இந்தியாவில் கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே சபைகளும் கோயில்களும் இருந்தன. நிலபுலம், செல்வாக்கு எல்லாம் உண்டு. ஊரிலே அவர்களுக்கு உயர்ந்த ஜாதிக்காரர்களுக்கு உள்ள மரியாதை கிடைக்கும். எந்தத் தெருவிலும் நடக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே பெரிய விஷயமாகப் போகிறது.

ஜோசப் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். பிறகு கப்பலேறி எடின்பரோ சர்வகலாசாலையில் தத்துவம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். லண்டனில் மிடில் டெம்பிளில் சட்டம் பயின்று 1908ல் பாரிஸ்டர் ஆனார். அந்த நாளில் லண்டனிலே இந்திய மாணவர்கள் கூடும் இடமெல்லாம் சுதந்திரப் பேச்சுத்தான். இளைஞர் ஜோசப்பின் காதிலும் அது விழுந்தது.

1909 ஜனவரியில் தாயகம் திரும்பினார். முதலில் சென்னையில் தொழில் தொடங்கினார். பிறகு மதுரைக்கு வந்து குடியேறினார். மனைவி சூசன்னா. வக்கீல் தொழில் நன்றாக நடந்தது. நல்ல வருமானம், நல்ல பெயர். அப்படியே இருந்திருந்தால் பணக்கார வக்கீல்களில் ஒருவராக வாழ்ந்து முடித்திருக்கலாம்.

ஒரே வேதம், இரண்டு விதமான படிப்பு

அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களின் சங்கடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாட்டை ஆண்டவர்கள் கிறிஸ்தவர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் மிஷன் துரைமார் கட்டியவை. மதுரையில் அமெரிக்கன் மிஷன் 1834லேயே வந்துவிட்டது. சர்க்காரை எதிர்ப்பது நன்றிகெட்ட செயல் என்று நினைத்த கிறிஸ்தவர்கள் அநேகர். அதற்கு ஆதாரமாக அவர்கள் வேதப் புத்தகத்தையே காட்டுவார்கள். அதிகாரம் செலுத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் ரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தில் இருக்கிறதே என்பார்கள்.

இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அதே புத்தகத்தில் வேறு பக்கங்களும் இருக்கின்றன. எகிப்து ராஜாவின் அடிமைத்தனத்திலிருந்து ஒரு ஜனக்கூட்டம் விடுதலையாகி வந்த கதை இருக்கிறது. ஏழையின் வழக்கைப் புரட்டும் நியாயாதிபதிகளைத் தீர்க்கதரிசிகள் சாடியது இருக்கிறது. இயேசு சொன்ன சமாரியன் கதை இருக்கிறது. கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். வழியிலே கள்வர் கையில் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறான் ஒருவன். அவன் ஜாதிக்காரனான ஆசாரியன் பார்த்தும் பாராததுபோல் விலகிப் போகிறான். வேறு ஜாதிக்காரனான சமாரியன் நின்று, காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்துக் கைப்பணமும் கொடுத்துவிட்டுப் போகிறான். யார் எனக்கு அயலான் என்ற கேள்விக்கு இயேசு தந்த பதில் அது.

நாடு மாறிக்கொண்டிருந்தபோது எந்தப் பக்கத்தைப் புரட்டிப் படிப்பது என்பதே கிறிஸ்தவர்களுக்கு வந்த சோதனை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா கணக்கர் வேலையை விட்டுக் காந்திஜியிடம் போனார். இயேசுவின் போதனையைப் பற்றிப் புத்தகம் எழுதி, கடைசிக் காலத்தில் மதுரைக்குப் பக்கத்தில் டி. கல்லுப்பட்டியில் வந்து வாழ்ந்தார். சேலத்து கே.டி. பால் வாலிபக் கிறிஸ்தவ சங்கத்தில் இருந்துகொண்டே தேசியம் பேசினார். ஜார்ஜ் ஜோசப் குமரப்பாவுக்கு முன்பே களத்தில் இறங்கியவர். அவர் பிரசங்க மேடை ஏறிய போதகர் அல்ல. அவர் எந்தப் பக்கத்தைப் படித்தார் என்பதை அவருடைய நடத்தையில்தான் பார்க்க முடியும்.

முதல் உலக யுத்த காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கத்தில் சேர்ந்தார். சுயாட்சி கேட்டு இங்கிலாந்தில் பேசுவதற்காகச் சிலருடன் கப்பலேறினார். கப்பல் ஜிப்ரால்டரை அடைந்தபோது சர்க்கார் அவர்களை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. 1918ல் மதுரை ஹார்வி மில் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்க முன்னின்றார். அந்தச் சங்கத்தின் முதல் போராட்டங்களால் கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. 1919ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தபோது மதுரையில் தலைமை ஏற்றவர் அவரே. அந்த ஆண்டு மார்ச்சில் காந்திஜி முதல் முறையாக மதுரைக்கு வந்தபோது தங்கியதும் ஜோசப் வீட்டில்தான்.

கைரேகைச் சட்டம்

இனிக் கள்ளர் நாட்டுக்கு வருவோம்.

ஒரு மனிதன் திருடினால் அவனைப் பிடித்துத் தண்டிக்கலாம். அவன் பிறந்த ஜாதி முழுவதையும் திருடர் என்று எழுதி வைக்கலாமா? வெள்ளைக்கார சர்க்கார் எழுதி வைத்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அதற்குப் பெயர். வட இந்தியாவில் 1871லேயே வந்தது. 1911ல் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடிக் கள்ளர்கள்மீது 1914ல் அது பாய்ந்தது. சில ஆண்டுகளுக்குள் பிறமலைக் கள்ளர் எல்லார்மீதும் விரிந்தது.

ஜனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். ஆண்கள் போலீஸ் கச்சேரிக்குப் போய்க் கைரேகை வைத்துப் பெயரைப் பதிய வேண்டும். பதிந்தவர்களில் பலர் இரவில் தம் வீட்டில் படுக்கக் கூடாது. போலீசார் சொன்ன இடத்துக்கு வந்து, அவர்கள் கண் முன்னே படுக்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளைக்கு நோய் என்றாலும் அதே கதைதான். வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். போன ஊரில் அதைக் காட்ட வேண்டும். திரும்பி வந்து மறுபடி காட்ட வேண்டும். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் தண்டனை.

இது உசிலம்பட்டியோடு நின்ற துன்பம் அல்ல. 1895ல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் வயல் பெருகியது. வானம் பார்த்த உசிலம்பட்டி மண்ணை விட்டுக் கள்ளர் குடும்பங்கள் கணவாயைத் தாண்டி மேற்கே வந்தன. ஆண்டிபட்டி, தேனி, கம்பம், வருசநாட்டு மலையடிவாரம் என்று பிழைப்புத் தேடிப் பரவின. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். தாய்மாமன் கணவாய்க்குக் கிழக்கே, மருமகன் மேற்கே. இப்படிச் சிதறிய குடும்பங்களுக்குச் சீட்டு இல்லாமல் வழி நடக்க முடியாது என்றால் எப்படி இருந்திருக்கும்? காது குத்துக்கும் கேதத்துக்கும் போலீஸ் அனுமதி. உழைத்துப் பிழைக்கிறவனும் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவனும் சட்டத்தின் கண்ணுக்குத் திருடன்.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூரில் ஜனங்கள் கைரேகை வைக்க மறுத்துக் கூடினார்கள். போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். அந்த ஊரில் அவர்களுக்கு நினைவுத் தூண் இருக்கிறது. பஞ்சாபில் ஜாலியன்வாலாபாக் நடந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நேரம். ஜாலியன்வாலாபாக் உலகத்துக்குத் தெரிந்தது. பெருங்காமநல்லூர் வெகுகாலம் மதுரை ஜில்லாவுக்கு அப்பால் தெரியாமலே கிடந்தது.

இந்த ஜனங்களுக்காக வாதாட நகரத்து வக்கீல்கள் வரிசையில் நிற்கவில்லை. அவர்களைப் பார்த்தால் நகரவாசிக்குப் பயம். வழக்கை எடுத்தால் பணமும் வராது. கெட்ட பெயர்தான் வரும். பாரிஸ்டர் ஜோசப் எடுத்தார். நீதிமன்றத்தில் அவர்களுக்காக நின்றார். பத்திரிகைகளில் அந்தச் சட்டத்தின் கொடுமையை எழுதினார். பிறப்பினால் ஒருவன் குற்றவாளி ஆக முடியாது என்பதே அவருடைய வாதம்.

எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள், சட்டம் என்றால் தடியும் விலங்கும் என்று மட்டுமே கண்டவர்கள். அதே சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துத் தங்கள் பக்கம் பேச ஒரு துரை வந்ததை அவர்கள் அன்றுதான் கண்டார்கள். ரோசாப்பூ துரை என்ற பெயர் அப்படிப் பிறந்தது. ஆண்ட வெள்ளைக்காரனுக்கு உரிய துரை என்ற பட்டத்தை இந்தக் கறுப்பு மனிதருக்கு அவர்களாகவே கொடுத்தார்கள்.

சிறைக்குப் போன குடும்பம்

ஒத்துழையாமை இயக்கம் வந்தது. கோர்ட்டை விட்டு வெளியே வாருங்கள் என்று காந்திஜி வக்கீல்களை அழைத்தார். கொழுத்த வருமானத்தை உதறிவிட்டு ஜோசப் வெளியே வந்தார். மோதிலால் நேரு அலகாபாத்தில் இண்டிபெண்டன்ட் என்ற பத்திரிகை நடத்திவந்தார். அதற்கு ஆசிரியராகப் போனார். 1921 டிசம்பர் 6ஆம் தேதி நேருக்கள் இருவரும் கைதான அதே நாளில் ஜோசப்பும் கைது செய்யப்பட்டார். ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் சிறை. லக்னோ சிறையில் ஜவாஹர்லால், மகாதேவ தேசாய், தேவதாஸ் காந்தி ஆகியோர் அவருக்குத் தோழர்கள்.

மனைவி சூசன்னா? அவர் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். பாரிஸ்டர் வீட்டு வசதியில் இருந்த அம்மாள் ஆசிரம வாழ்க்கையை ஏற்றார். கணவன் சிறையில் இருந்த காலத்தை அங்கே கழித்தார். இந்தக் கதைகளில் மனைவிமாரைப் பற்றி ஒரு வரிதான் எழுதுகிறோம். அவர்கள் பட்டது ஒரு வரியில் அடங்காது.

விடுதலையாகி வந்தபின் 1923ல் காந்திஜியின் எங் இந்தியா பத்திரிகைக்கு ஜோசப் ஆசிரியராக இருந்தார். காந்திஜி அப்போது எரவாடா சிறையில். தம் பத்திரிகையையே ஒப்படைக்கும் அளவுக்கு அவர்கள் நெருக்கம். அந்த நெருக்கத்துக்கு வைக்கத்தில் சோதனை வந்தது.

வைக்கம் தெரு

திருவிதாங்கூரில் வைக்கம் மகாதேவர் கோயில் பேர்பெற்றது. அதைச் சுற்றி நான்கு புறமும் தெருக்கள். ஈழவர், புலையர் முதலானவர்கள் அந்தத் தெருக்களில் நடக்கக் கூடாது. தெரு முனையில் தடைப் பலகை இருந்தது. கோயிலுக்குள் போவதல்ல, தெருவில் நடப்பதே குற்றம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தெருவில் கிறிஸ்தவர் நடக்கலாம். முஸ்லிமும் நடக்கலாம். ஒரு புலையர் மதம் மாறிக் கிறிஸ்தவரானால் மறுநாள் அதே தெருவில் தாராளமாகப் போகலாம். சாமியைக் கும்பிடுகிறவனுக்குத்தான் சாமியின் தெரு அடைத்திருந்தது.

காக்கிநாடா காங்கிரசில் டி.கே. மாதவன் இதைப் பற்றிப் பேசி ஆதரவு பெற்றார். 1924 மார்ச் 30ஆம் தேதி வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. முதல் நாள் ஒரு புலையர், ஓர் ஈழவர், ஒரு நாயர் என மூவர் கைகோத்து நடந்து கைதானார்கள். தலைவர்கள் கே.பி. கேசவ மேனனும் மாதவனும் ஏப்ரல் தொடக்கத்தில் சிறை புகுந்தார்கள். தலைமை ஜோசப் கைக்கு வந்தது.

அவருக்கு அந்தத் தெருவில் என்ன தடை? ஒன்றுமில்லை. கையை வீசிக்கொண்டு நடந்து போயிருக்கலாம். அவருடைய குலத்தாருக்கு அது பரம்பரையாகத் திறந்த வழி. திறந்த வழியில் தாம் போய்விட்டு, அடைபட்டவர்களை ஏறெடுத்துப் பாராமல் இருப்பதுதான் வழக்கமாக நடப்பது. சமாரியன் கதையில் முன்னால் போனவர்கள் அதைத்தானே செய்தார்கள்? ஜோசப் நின்றார்.

இந்த நேரத்தில்தான் காந்திஜியின் கடிதம் வந்தது. 1924 ஏப்ரல் 6ஆம் தேதி எழுதியது. தீண்டாமை இந்துக்கள் செய்த பாவம். அதற்கு இந்துக்களே கஷ்டப்பட்டுப் பிராயச்சித்தம் செய்ய வேண்டும். கிறிஸ்தவரான நீர் அனுதாபம் காட்டலாம், எழுதலாம், சத்தியாக்கிரகத்தை நடத்த வேண்டாம் என்பது அதன் கருத்து. பஞ்சாபிலிருந்து வந்து வைக்கத்தில் இலவசச் சமையற்கூடம் நடத்திய சீக்கியர்களும் விலக வேண்டும் என்றே பிறகு காந்திஜி சொன்னார்.

காந்திஜி சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு கிறிஸ்தவர் முன்னே நின்றால், மதம் மாற்ற வந்தவர் என்று எதிரிகள் கிளப்பிவிடுவார்கள். வீட்டு அழுக்கை வீட்டுக்காரனே கழுவினால்தான் திரும்ப அழுக்காகாது என்பதும் ஒரு வழி. ஆனால் ஜோசப் வேறு விதமாக நினைத்தார். தெரு பொதுத் தெரு. எல்லார் வரிப்பணத்திலும் போட்டது. அதில் ஒரு குடிமகன் நடக்க முடியாவிட்டால் அது ஒரு மதத்தாரின் வீட்டு விஷயம் அல்ல, நாட்டு விஷயம். நாட்டு விஷயமென்றால் அதில் கிறிஸ்தவனுக்கும் பங்கு உண்டு. கைரேகைச் சட்டத்தை எதிர்க்கையில் நீ கள்ளனா என்று யாரும் அவரைக் கேட்கவில்லையே!

அந்த ஏப்ரல் மாதத்திலேயே ஜோசப் கைதானார். ஆறு மாதத் தண்டனை, திருவனந்தபுரம் சிறை.

சிறைக்குப் போகுமுன் அவர் செய்த ஒரு காரியம் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலேயே பதிந்துவிட்டது. தலைவர்கள் ஒவ்வொருவராகச் சிறை போனதும், இயக்கத்தை நடத்த ஆள் வேண்டும் என்று ஈ.வெ. ராமசாமிப் பெரியாருக்குக் கடிதம் போயிற்று. கேசவ மேனனும் ஜார்ஜ் ஜோசப்பும் எழுதியது. பெரியார் அப்போது தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர். கடிதம் வந்தபோது தாம் மதுரை ஜில்லா பண்ணைபுரத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்ததாகப் பெரியாரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பண்ணைபுரம் கம்பம் பள்ளத்தாக்கு ஊர். இன்று தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து பயணத்தை நிறுத்திவிட்டுப் புறப்பட்டவர் வைக்கத்தில் இரண்டு முறை சிறை சென்றார். வைக்கம் வீரர் என்ற பட்டம் அவருக்கு வந்தது. அழைத்த இருவரில் ஒருவர் மதுரைப் பாரிஸ்டர் என்பது பலருக்குத் தெரியாது.

1925 நவம்பரில் போராட்டம் முடிந்தது. மூன்று புறத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு அப்போதும் திறக்கவில்லை. 1936ல் திருவிதாங்கூர் மகாராஜா எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவைத் திறந்துவிட்ட பிறகுதான் அந்தக் கணக்குத் தீர்ந்தது.

மீண்டும் மதுரை

சிறை மீண்ட ஜோசப்புக்கும் காந்திஜிக்கும் இடையே பழைய நெருக்கம் இல்லை. கதர்த் திட்டத்திலும் கருத்து வேற்றுமை வந்தது. கதர் ஏழைக்குச் சோறு போடாது என்ற எண்ணத்துக்கு ஜோசப் வந்துவிட்டார். மனத்தில் பட்டதை மறைத்துப் பழகாதவர். காங்கிரசுக்குள் அதனால் அவருக்கு இடைஞ்சல்தான். பதவி தேடுகிறவருக்கு அந்தக் குணம் ஆகாது. அவருக்கு இருந்தது.

மறுபடி கறுப்புக் கோட்டை மாட்டினார். வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார். ஆனாலும் தேச காரியம் விடவில்லை. சைமன் கமிஷன் மதுரைக்கு வந்தபோது எதிர்ப்பில் முன்னே நின்றார். 1933ல் விருதுநகர்ச் சதி வழக்கு என்று ஒன்று வந்தது. அதில் சிக்கவைக்கப்பட்டவர்களில் ஒருவர் விருதுநகர் இளைஞர் காமராஜ். அவருக்காக டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடினார்கள். குற்றச்சாட்டு நிற்கவில்லை. காமராஜ் விடுதலையானார். அன்று அந்த இளைஞர் தண்டனை பெற்றிருந்தால் பின்னாளில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு எப்போது கிடைத்திருக்குமோ!

1937ல் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலித் தொகுதியிலிருந்து காங்கிரஸ் சார்பில் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சண்டையிட்டுக்கொண்டே இருந்தாலும் காங்கிரசும் அவரும் கடைசியில் ஒன்றாகத்தான் இருந்தார்கள். அந்தப் பதவியில் அவர் ஓர் ஆண்டுகூட இருக்கவில்லை. உடல்நலம் கெட்டது. 1938 மார்ச் 5ஆம் தேதி மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 50தான்.

கைரேகைச் சட்டம் ஒழிந்ததை அவர் பார்க்கவில்லை. முத்துராமலிங்கத் தேவர் முதலிய பலர் தொடர்ந்து போராடி, 1947ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தாயிற்று. ஜோசப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகே உசிலம்பட்டிக்காரர் ஒருவர், யாரிடமும் சீட்டு வாங்காமல் வண்டி கட்டிக்கொண்டு, கணவாய் ஏறி, ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு வழியாக வருசநாட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து, அங்கேயே திண்ணையில் படுத்து இரவு தூங்க முடிந்தது.

அப்படித் தூங்கினவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளிலும் ரோசாப்பூக்கள் உண்டு.